நம்ம வீட்டு ஒன்பது

"இந்த வண்டியில என் வீட்டுக்காரரோட வண்டி எவ்வளவு மிச்சம் இருக்கு?"

போன வாரம் டாக்டரம்மா இப்படித்தான் கேட்டார். கேட்டது அப்பாவிடமோ அண்ணனிடமோ இல்லை. ஓரமாக நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்த சின்னவளிடம். பதில் சொல்ல வராமல் அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம், முழுசா இருக்கு என்றா, ஒன்றுமே இல்லை என்றா என்று அண்ணி அன்று சாயங்காலம் வரை கேட்டுச் சிரித்தாள்.

எழுதித் தருகிறோம் என்று ஒப்புக்கொண்டது அண்ணன். எழுத வேண்டியது சின்னவள். அப்பாவின் அந்தக் கார் பட்டறையில் எப்போதும் அப்படித்தான்.

வண்டி சிவப்பு. இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, ஆறு சிலிண்டர். டாக்டரம்மாவின் கணவர் டாக்டரையா முப்பது வருடம் அதை ஓட்டினார்; இந்தப் பட்டறையைத் தவிர வேறு யாரையும் தொட விட்டதில்லை. அவர் காலமாகி ஒரு வருடம் ஆகிறது. பழைய வண்டிகளுக்கான மன்றம் ஒன்று இருக்கிறது. அதன் கூடத்தில் இந்த வண்டியை நிரந்தரமாக நிறுத்திவைக்கக் கொடுத்துவிட டாக்டரம்மா முடிவு செய்திருந்தார். அங்கே ஒவ்வொரு வண்டிக்குப் பக்கத்திலும் ஒரு அட்டை வைப்பார்கள். எது கம்பெனி போட்ட பாகம், எது பின்னால் மாற்றியது என்று அட்டை சொல்லும். அந்த அட்டைக்கு ஆதாரம், சின்னவள் நிரப்பும் தாள். அதில் முப்பத்திரண்டு வரிகள்.

இன்று வியாழக்கிழமை. பதினொரு மணிக்கு மன்றத்தின் பதிவாளர் வருகிறார்.

அவர் வருவதில் இன்னொரு காரியமும் இருந்தது. மன்றம் ஊருக்கு ஒரு பட்டறைக்குத்தான் தன் அங்கீகாரப் பலகையைக் கொடுக்கும். அதற்காக அண்ணன் ஆறு வருடமாக எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறான். வாசல் சுவரில் பலகைக்கென்று நாலு ஆணிகூட அடித்துவிட்டான். இப்போதைக்கு அந்த ஆணிகளில் அண்ணி பட்டறைத் துணிகளைக் காயப்போடுகிறாள்.

காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தபோது வெளியே தூறிக்கொண்டிருந்தது. சின்னவள் பெரிய விளக்கை இழுத்து எஞ்சினுக்கு மேலே மாட்டினாள். காட்டன் வேஸ்ட், தின்னர், பென்சில், மெல்லிய தாள், பூதக்கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு தட்டில் பரப்பினாள்.

"பூதம் ஆபரேஷனுக்கு ரெடி," என்றான் அண்ணன்.

ஏழு வயதிலிருந்து அந்தப் பூதக்கண்ணாடி அவள் கையைவிட்டு இறங்கியதில்லை. பெயரும் அப்போதே ஒட்டிக்கொண்டது. முதலில் பூதக்கண்ணாடி. கூப்பிடச் சோம்பல்பட்டு வெறும் பூதம். இப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது.

சுலபமானதில் தொடங்குவது அவள் வழக்கம். இரண்டு கார்ப்ரேட்டர்களின் மூடியிலும் ஆணிக்கு அடியில் முக்கோணமாக ஒரு பித்தளைத் தகடு இருக்க வேண்டும். ஆணியைக் கழற்றுகிறவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைத் தொலைத்துவிடுவார்கள். இங்கே இரண்டும் இருந்தன. அசல். டைனமோவின் வயிற்றில் மாதமும் வருடமும் அடித்திருந்தது: இரண்டு, அறுபத்து மூன்று. வண்டி கம்பெனியைவிட்டு வெளியே வந்தது அதே வருடம் மே மாதம். பாகம் வண்டிக்கு முன்னால் பிறந்திருக்க வேண்டும். ரொம்ப முன்னாலும் பிறந்திருக்கக் கூடாது. மொத்த வித்தையே அதுதான். டைனமோவும் அசல்.

குளிர்விக்கும் விசிறி பிளாஸ்டிக். "மாற்றியது" என்று எழுதினாள்.

"ஒரு விசிறிக்கு இப்படி முறைக்கிறியே," என்றான் அண்ணன் குனிந்தபடி. "அதுக்கு உயிர் இருந்தா ஓடியே போயிருக்கும்."

"கம்பெனி விசிறி தகரம்ணா."

"தெரியும் தாயே. நீ எழுது."

மேல்மூடியான ஹெட்டின் நெற்றியில் எஞ்சின் எண் அடித்திருந்தது. அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் சாய்வாகத் தேய்த்தாள். எண் தாளில் எழும்பி வந்தது: 7619. வண்டியின் தகட்டிலும் அதே எண். ஹெட் அசல்.

அடுத்தது பிளாக், எஞ்சினின் உடம்பு. தாளின் முதல் வரியே அதுதான். அவள்தான் கடைசிக்கு வைத்திருந்தாள். ஆயில் ஃபில்டருக்கு மேலே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சமதளம் உண்டு. அங்கே அழுக்கைத் துடைத்துத் தாளை வைத்துத் தேய்த்தாள். 7619.

"அசல்" என்று எழுதப் பேனாவை எடுத்தவள், என்னவோ தோன்றி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

ஹெட்டில் இருந்த ஒன்பதின் கால் குச்சி மாதிரி நேராக இறங்கியது. பிளாக்கில் இருந்த ஒன்பதின் கால் உள்பக்கம் வளைந்திருந்தது. பூதக்கண்ணாடியை எடுத்தாள். பிளாக்கில் இருந்த ஆறின் வயிற்றில், இடப்பக்கம் கீழே, ஒரு சின்ன வெட்டு. ஒன்பதின் தலையில், வலப்பக்கம் மேலே, அதே வெட்டு.

தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்பது ஆறாகி, வெட்டு இடப்பக்கம் கீழே வந்து உட்கார்ந்தது.

அந்த வெட்டை அவளுக்கு இருபத்திரண்டு வருடமாகத் தெரியும்.

பட்டறையில் ஒரு மரப்பெட்டி உண்டு. பத்துக் குழிகளில் பத்து நம்பர் அச்சுகள். சுத்தியலால் தட்டினால் இரும்பில் எண் பதியும். பத்து வயதில் அவள் தன் பென்சில் டப்பாவில் எண் அடிக்க ஒன்பதை எடுத்துக்கொண்டு ஓடினாள். அது கை நழுவிச் சாக்கடைக்குள் போனது. அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "இனிமே ஆறைத் திருப்பி அடிச்சுக்க வேண்டியதுதான்," என்றார். அன்றிலிருந்து இந்தப் பட்டறையில் ஸ்பேனரானாலும் சாவி வளையமானாலும், அதில் இருக்கிற ஒன்பது தலைகீழாக நிற்கிற ஆறுதான். ஆறின் வயிற்றில் வெட்டு விழுந்ததும் அந்த வருடமே. இரும்புக்குப் பதிலாக யாரோ அரத்தின்மேல் வைத்துத் தட்டிவிட்டார்கள்.

கம்பெனிக்காரன் அப்படி அடித்திருக்க முடியாது. இந்த வீட்டு ஆள்தான் அடித்திருக்க வேண்டும்.

ஆனாலும் எண் மட்டும் போதாது. தேய்ந்துபோன எண்ணை யாராவது மறுபடி அடித்திருக்கலாம்; பிளாக் அதே பிளாக்காக இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவள் மனசு கெஞ்சியது. பல் டாக்டர் வைத்திருப்பதுபோல நீளக் காம்பு வைத்த கண்ணாடியை எடுத்துக் குழாய்களுக்கு அடியில் நுழைத்தாள். பிளாக்கின் பக்கவாட்டில், இரும்பை வார்க்கும்போதே புடைப்பாக எழும்பிய தேதி இருக்கும். அதை யாராலும் சுத்தியலால் அடிக்க முடியாது.

டார்ச்சைத் திருப்பினாள். கண்ணாடியில் எண்கள் இடவலம் மாறித் தெரிந்தன. திருப்பிப் படித்தாள். எட்டு, மூன்று, அறுபத்தைந்து.

வண்டி பிறந்து இரண்டு வருடம் கழித்து வார்த்த இரும்பு அது.

"அண்ணா."

"ம்."

"பிளாக்குல இருக்கிற ஒன்பது நம்ம வீட்டு ஒன்பது."

பின்சக்கரத்துப் பக்கம் குனிந்திருந்தவனின் ஸ்பேனர் நின்றது. அவன் திரும்பவில்லை.

"வார்ப்புத் தேதியும் பாத்தேன். அறுபத்தஞ்சு."

அண்ணன் எழுந்து முதலில் வாசலைப் பார்த்தான். வாசலில் அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து செய்தித்தாளை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். ஊரே அவரை மாஸ்டர் என்று கூப்பிடும். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் எஞ்சினைத் தொடுவதில்லை. காதால் கேட்பதோடு சரி.

"மெதுவா பேசு," என்றான் அண்ணன். "நாலு வருஷம் முன்னாடி இந்த எஞ்சினைப் பிரிச்சேன் இல்ல? ஹெட் போல்ட் இறங்குற குழியில தண்ணி நின்னுருக்கு. காத்தடிச்சு ஊதி எடுக்கணும். அவசரத்துல எடுக்கல. போல்ட்டை முறுக்க முறுக்கத் தண்ணிக்குப் போக இடம் இல்ல. டக்னு ஒரு சத்தம். விரல் நீளத்துக்கு விரிசல்."

"அப்பா?"

"அப்பா ஆஸ்பத்திரியில கண்ணைக் கட்டிக்கிட்டுப் படுத்திருந்தாரு. நீ அவர்கூட இருந்த. நான் தனியா எடுத்த முதல் எஞ்சின் அது." அவன் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டே பேசினான். "உடைஞ்ச ஒரு பெரிய கார்லேருந்து இதே மாதிரி பிளாக் கிடைச்சுது. பழைய நம்பரை அரத்தால எடுத்தேன். இந்த நம்பரை அடிச்சேன்."

"டாக்டரையாகிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம். சொல்றதுக்குள்ள அப்பா வந்துட்டாரு. ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, இதே ஸ்டூல்ல உக்காந்து கேட்டாரு. 'நல்லா இருக்கு'ன்னாரு. எனக்கு முப்பத்தெட்டு வயசு. அவர் வாயால நான் வாங்கின நல்லா இருக்கு அது ஒண்ணுதான். அதுக்கப்புறம் எப்படி வாயைத் திறக்கச் சொல்ற?"

சின்னவள் டார்ச்சை அணைத்தாள்.

"பழசு எங்க?"

"பழைய இரும்புக்குப் போட்டாச்சு," என்றான், கேள்வி முடிவதற்குள். பிறகு குரலை இறக்கினான். "முப்பத்தோரு வரி உன் இஷ்டம்மா. முதல் வரியில மட்டும் 'அசல்'னு எழுது. நம்பரை அடிச்ச பட்டறைக்கு அந்தாளு பலகை தரமாட்டாரு. இந்தத் தடவை போனா அப்புறம் கிடையாது."

அவன் அவளைப் பெயர் சொல்லியோ பூதம் என்றோ கூப்பிடாமல் அம்மா போட்டுப் பேசியது அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

"என் கையெழுத்துலயா?"

"உன் கையெழுத்தைத்தானே எல்லாரும் நம்புறாங்க."

அண்ணி டீத் தட்டோடு உள்ளே வந்தாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். "என்ன, எஞ்சின் செத்துடுச்சா? இப்படி நிக்கிறீங்க?"

"கை கழுவிட்டு வரேன்," என்று அண்ணன் வாசல் குழாய்க்குப் போனான், மழையில் நனைந்துகொண்டே.

"பாத்தியா?" என்றாள் அண்ணி. "பத்தடி பின்னால தொட்டி நிறையத் தண்ணி இருக்கு, தலைக்கு மேல கூரை இருக்கு. ஐயாவுக்கு வாசல் குழாய்தான் வேணும். கேட்டா தொட்டித் தண்ணி ஒத்துக்கலையாம். கைக்குக்கூட ஒத்துக்காம போகுமா? நாலு வருஷமா இந்தக் கூத்துதான்."

"நாலு வருஷமாவா அண்ணி?"

"மாமாவுக்குக் கண் ஆபரேஷன் ஆச்சே, அப்போலேருந்து. ஏன்?"

சின்னவள் டீயைக் கையில் எடுக்காமலே பின்பக்கம் போனாள்.

கூரைச் சரிவுக்குக் கீழே சிமென்ட் தொட்டி. தரை ஈரத்தில் உட்காராமல் இருக்க அதை ஒரு பீடத்தின்மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். பீடத்துக்கு வெள்ளையடித்திருந்தது. தினமும் நாலைந்து தடவை அதன் பக்கத்தில் நின்று கை கழுவியிருக்கிறாள். அது செங்கல்லா, கல்லா, எதனால் ஆனது என்று ஒரு நாள்கூடக் குனிந்து பார்த்ததில்லை. ஊரிலுள்ள எஞ்சினையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவள்!

மண்டியிட்டாள். விரலால் தடவினாள். வெள்ளைக்கு அடியில் வரிசையாக ஆறு வட்டங்கள் தட்டுப்பட்டன.

உப்புத்தாளை எடுத்து வந்து ஓர் ஓரத்தில் தேய்த்தாள். நாலு வருடத்துச் சோப்பு நுரையும் சுண்ணாம்பும் உதிர்ந்தன. தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தாள். 7619. ஒன்பதின் கால் குச்சி மாதிரி நேராக இறங்கியது. சற்றுத் தள்ளி, போல்ட் குழியிலிருந்து புறப்பட்டு, முடி மாதிரி ஒரு கோடு ஓடியது. அவள் விரலை வைத்துப் பார்த்தாள். சரியாக விரல் நீளம்.

அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். எழுந்தபோது கால் மரத்திருந்தது.

பதிவாளர் பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார். ஒல்லியான, உயரமான மனிதர். குடை, சின்ன டார்ச், கறுப்பு நோட்டு. குடையை மடக்கி வாசல் சுவரில் இருந்த ஆணி ஒன்றில் மாட்டினார். பலகைக்காக அடித்த ஆணி. அண்ணி துணியை எடுக்க மறந்திருந்த இன்னொரு ஆணியைப் பார்த்து அவர் லேசாகச் சிரித்தார். அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

பின்னாலேயே டாக்டரம்மாவும் வந்தார்.

"என்ன பாப்பா, என் கேள்விக்குப் பதில் கிடைச்சுதா?"

சின்னவள் தாளை நீட்டினாள். பதிவாளர் வாங்கிப் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் வண்டிக்குள் டார்ச் அடித்து ஒத்துப்பார்த்தார். பித்தளைத் தகடுகளைக் கண்டதும், "அட, ரெண்டுமே இருக்கே," என்று சின்னப் பையனைப்போல் மகிழ்ந்தார். விசிறிக்கு வந்தபோது, "நேர்மையான தாள்," என்றார். அண்ணனின் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் ரத்தம் வந்தது.

"முதல் வரி காலியா இருக்கே?"

கூரைத் தகரத்தில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

அண்ணன் அவளைப் பார்த்தான். அதட்டுகிற பார்வை இல்லை. சின்ன வயதில் பென்சில் டப்பாவை மறைத்துக்கொண்டு அவள் அவனைப் பார்த்தாளே, அந்த மாதிரிப் பார்வை. அன்று அவன் காட்டிக்கொடுக்கவில்லை. அவளாகத்தான் போய் அப்பாவிடம் சொன்னாள்.

சின்னவள் தாளைத் திரும்ப வாங்கினாள். நின்றுகொண்டே, வண்டியின் மூக்கின்மேல் தாளை வைத்து எழுதினாள். எழுதியதைத் தானே வாசித்தாள். அவளுக்கு எழுதினால்தான் குரல் வரும்.

"எஞ்சின் பிளாக்: அசல் இல்லை. அறுபத்தைந்தில் வார்த்தது. எண் பின்னால் அடிக்கப்பட்டது. அசல் பிளாக் விரிசல் விட்டது. இந்தப் பட்டறையின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருக்கிறது."

டாக்டரம்மா கைப்பையை இன்னொரு கைக்கு மாற்றினார். "காட்டு," என்றார்.

எல்லோரும் பின்பக்கம் போனார்கள். அப்பா மட்டும் ஸ்டூலைவிட்டு எழ நேரமெடுத்துக்கொண்டு கடைசியாக வந்தார். பதிவாளர் குனிந்து டார்ச் அடித்து எண்ணைப் பார்த்தார், விரிசலைப் பார்த்தார், தலையை ஆட்டினார். டாக்டரம்மா புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஈர இரும்பின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"அவர் கடைசியா ஓட்டினது இது இல்ல?"

"இல்லம்மா," என்றாள் சின்னவள்.

"அவருக்குத் தெரியாது?"

"தெரியாது."

டாக்டரம்மா கையை எடுத்தார். எழுந்தபோது அழவில்லை. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற குரலில் பேசினார். "வண்டியோட இதுவும் கூடத்துக்கு வரணும். விரிசலோட. தொட்டிக்கு வேற கல்லு வாங்கிக்குங்க." பிறகு சின்னவளின் தோளைத் தொட்டார். "பதில் கிடைச்சுது. ஆனா இதைச் செஞ்சது யாருன்னு எனக்குத் தெரியணும்."

"எனக்கும் தெரியணும்," என்றார் பதிவாளர். "தாளோட கடைசி வரி அதுதான். எண்ணை மாத்தி அடிச்சிருந்தா, அடிச்சவர் பேர். அவர் பொறுப்புல இருக்கிற பட்டறைக்கு எங்க பலகை வராது."

அண்ணன் வாயைத் திறந்தான்.

"நான்தான்," என்றார் அப்பா.

திறந்த வாய் அப்படியே நின்றது. பிறகு மூடிக்கொண்டது.

பதிவாளர் அப்பாவையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். "மாஸ்டர், நீங்கதான் இப்போ வேலை பாக்கிறதில்லையே. அப்படின்னா உங்க பேரை எடுத்துட்டு, உங்க மகன் பேர்ல பலகை தர வழி இருக்கு." அவர் சின்னவள் பக்கம் திரும்பினார். "ஆனா தாள் உங்களது. கடைசி வரியை நீங்க எழுதினா எழுதினதுதான். நான் தெருக்கோடி விடுதியில இருக்கேன். நாலு மணிக்கு பஸ். அதுக்குள்ள அனுப்பிடுங்க."

தூறல் நின்றிருந்தது. டாக்டரம்மாவோடு பேசிக்கொண்டே அவர் தெருவில் இறங்கி நடந்தார். குடை ஆணியிலேயே தொங்கியது.

அண்ணன் வாசல் குழாயடியில் போய் நின்றுகொண்டான். குழாயைத் திறக்கவில்லை.

சின்னவள் தாளை வேலைமேசையில் வைத்தாள். முப்பத்தோரு வரி நிரம்பியிருந்தது. கடைசி வரியில் பேனாவைப் படுக்கவைத்தாள். அப்பா ஸ்டூலுக்குத் திரும்பாமல் மேசை ஓரத்தில் வந்து சாய்ந்தார்.

"எழுதும்மா. என் பேரை எழுது."

"நீங்க அப்போ ஆஸ்பத்திரியில இருந்தீங்கப்பா. உங்களுக்குக் கண் சொட்டு மருந்து போட்டது நான்."

"கண்ணைத்தான் கட்டியிருந்தாங்க. காதைக் கட்டலையே." அப்பா வண்டியின் மூக்கைத் தடவினார். "வீட்டுக்கு வந்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னேனே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. அந்தப் பழைய பிளாக்குல மூணாவது சிலிண்டர் பக்கம் ஒரு தட்டல் உண்டு. டாக்டரும் நானும் அதைப் பத்தி எவ்வளவு சண்டை போட்டிருக்கோம்! அன்னிக்கு அது இல்ல. வேற எஞ்சின். ஆனா பய நல்லா கட்டியிருந்தான். அதான் நல்லா இருக்குன்னேன்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான். அவனே வந்து சொல்லுவான்னு பாத்தேன். வரல. பழைய பிளாக்கை ஷெட்டுக்குப் பின்னால சாக்கைப் போட்டு மூடி வெச்சிருந்தான். ஒரு நாள் அவன் வெளிய போயிருந்தப்போ, சங்கிலிக் கப்பி போட்டு இழுத்து, தொட்டிக்கு அடியில வெச்சுச் சுண்ணாம்பும் அடிச்சேன். அது என்ன இரும்புன்னு தெரியாத மாதிரியே இருந்துக்கிட்டேன். தினம் கை கழுவப் போவான், தினம் பாப்பான், ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் வாயைத் திறப்பான்னு நெனச்சேன்." அப்பா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அவன் என்னடான்னா குழாயை மாத்திக்கிட்டான்."

"டாக்டரையா உங்க சிநேகிதர் ஆச்சேப்பா."

"ஆமா. அவர்கிட்ட சொல்ல வேண்டியவன் நான். சொல்லல. அவர் போயே போயிட்டாரு. அதனாலதான் சொல்றேன், என் பேரை எழுதினா அதுல பாதி நிஜம்."

"பாதிக்கு இந்தத் தாள்ல இடம் இல்லப்பா," என்றாள் சின்னவள். "அசல், மாற்றியது. அவ்வளவுதான்."

அப்பாவின் பார்வை அவளைத் தாண்டிப் போனது. சின்னவள் திரும்பினாள்.

கதவுப் பலகையைப் பிடித்துக்கொண்டு அண்ணன் நின்றிருந்தான். எப்போது வந்தான், எதிலிருந்து கேட்டான் என்று தெரியவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்ததும், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான் என்று தெரிந்தது.

"டேய்..." என்றார் அப்பா.

அவன் அப்பாவைப் பார்க்கவில்லை. அலமாரியிலிருந்து மரப்பெட்டியை இறக்கினான். மூடியைத் திறந்து ஆறை எடுத்தான். வெளிச்சத்தில் அதன் முனையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பெட்டியை மூடவில்லை. பத்துக் குழிகளில் ஒன்று இருபத்திரண்டு வருடமாகக் காலி. இப்போது இரண்டு.

டீத் தம்ளர்களை எடுக்க வந்த அண்ணி நடுவில் நின்றாள். "எங்க கிளம்பிட்டீங்க? சாப்பிடற நேரம்." 

அவன் வாசலுக்குப் போனான். ஆணியிலிருந்து பதிவாளரின் குடையை எடுத்தான். மறுபடி தூற ஆரம்பித்திருந்தது. சின்னவள் கடிகாரத்தைப் பார்த்தாள், பன்னிரண்டரை. காலியான வரியின்மேல் இருந்த பேனாவை அவள் தொடவில்லை.

குடையை விரிக்காமல், அக்குளில் இடுக்கிக்கொண்டு, அண்ணன் தெருவில் இறங்கி விடுதிப் பக்கம் நடந்தான்.